கார்ப்பென், லெனக்ஸ்

நீல்சன் வீதி இரத்தப் பரிசோதனைக்கூடம். காலை ஏழேகால்.
வெறும் வயிற்றோடு பதினொரு பேர்.
சப்பாத்துகளில் ஒட்டிவந்த பனி
கதிரைகளுக்குக் கீழே அழுக்குத் தண்ணீராய்க் கிடக்கிறது.

"அடுத்தது ஆர்?" என்றாள் சுகந்தினி.
"அந்தக் கறுவல்," என்றேன்
திரையைப் பார்த்துக்கொண்டே,
பேனையை எடுத்துத் தா என்பதுபோல.

மிளகாய்த்தூளோடு சேர்த்துக்
கட்டிக்கொண்டு வந்த சொல் அது.
முப்பது வருடமாகியும் காலாவதியாகவில்லை.
ஒருவருக்கும் விளங்காது என்ற துணிச்சலில்
பஸ்ஸிலும் லிஃப்ட்டிலும் உரத்தே சொல்வோம்.
என் முழங்கையும் அவர் முழங்கையும்
ஒரே மேசையில் பக்கத்துப் பக்கம்.
கையுறை மட்டும் இல்லையென்றால்
எது எவருடையது என்று பிரிப்பது கஷ்டம்.

கொண்டுவந்த புத்தகத்தைக் குப்புற வைத்தார்.
நூலக முத்திரை. ஏதோ ஒரு தீவு நாவல்.
"நூற்றிருபது பக்கம் தேடினேன்.
கடைசியில் என் ஆள் ஒருவன் வந்தான்.
கடை வைத்திருக்கிறான். இரண்டு பக்கம்.
பெயர் கிடையாது."

படிவத்தில் இனம் என்ற கேள்வி.
போன முறை 'கறுப்பர்' என்று புள்ளடி போட்டிருக்கிறார்,
அதற்கு முந்தி 'தெற்காசியர்',
அதற்கும் முந்தி இரண்டுக்கும் சேர்த்து;
அதைக் கணினி ஏற்கவில்லை.
"அம்மா பக்கமும் கப்பல், அப்பா பக்கமும் கப்பல்.
ஒன்றில் சங்கிலி, மற்றதில் கைநாட்டு.
இறங்கினது ஒரே கரும்புக்குள்."
பெர்பீஸ் ஆற்றங்கரை என்றார்.
அது எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாது.
தலையாட்டினேன்.

இவருக்கும் சீனி வருத்தம்தான்.
ஊதா மூடிக் குழாய்;
மூன்று மாதம் தின்ற இனிப்பை
இரத்தம் ஒளிக்காமல் சொல்லிவிடும்.
ஊசி ஏறியதும் "ஐயோ" என்றார்.
சுகந்தினி திரும்பிப் பார்த்தாள்.
"அது எங்கட சொல்," என்றேன்.
"இல்லையே," என்றார், "எங்களுடையது."

ஒட்டுவதற்கு லேபிளை உரித்தேன்.
"கார்ப்பென் என்றால், தச்சு வேலைப் பரம்பரையோ?"
"எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.
மதராஸ் துறைமுகத்தில் ஒரு கிளார்க்
காதில் விழுந்ததை எழுதினானாம்.
மிச்சம் கடலுக்குள் விழுந்தது."

முகக்கவசத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்,
கார்ப்பென்,
கர்ப்பென்,
கருப்பென்,

கருப்பன்.

அரிவாளோடு ஊர் எல்லையில் நிற்கிறவன்.
சாராயமும் சுருட்டும் கேட்டு வாங்குகிறவன்.
நேர்த்திவைத்துப் பெற்ற பிள்ளைக்கு
ஒருத்தி ஆசையாய் இட்ட பெயர்.
எங்கள் பக்கத்தில் வல்லின றகரம் போட்டு எழுதுவோம்,
அங்கே இடையின ரகரம்.
கிளார்க்கிடம் இரண்டுக்கும் ஓரெழுத்துத்தான்.

பத்து நிமிடத்துக்கு முன் நான் இவரைப்
பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.
துப்பலைப் போல.

"அது ஒரு சாமியின் பெயர்," என்று தொடங்கினேன்.
"என்ன அர்த்தம்?"
"கறுப்பு."
மேசை குலுங்கச் சிரித்தார்.
"அப்ப போன முறை போட்ட பெட்டிதான் சரி!
நூற்றைம்பது வருடம்
இதற்கா இவ்வளவு குழப்பம்?"

பிறகு சிரிப்பு நின்றது.
குப்புறக் கிடந்த புத்தகத்தை நிமிர்த்தினார், மூடினார்.
"முதலில் அவளிடம் என்னைக் காட்டி ஒன்று சொன்னீர்களே,
அதிலும் இந்தச் சத்தம் கேட்டது.
அதுவும் சாமியா?"

பஞ்சை வைத்தேன்.
"ஐந்து நிமிடம் இறுக்கிப் பிடியுங்கோ," என்றேன்.
பிடித்துக்கொண்டார்.
வெளியே பன்னிரண்டாவது ஆள் வந்து
இலக்கத் துண்டைக் கிழிக்கும் சத்தம்.
அவர் எழும்பவில்லை.